மந்திரி செத்த பிறகு

மகன்,

உன் கல்யாண வீடியோ போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. படம் பிடித்தவன் தானே மோட்டார் சைக்கிளில் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுவந்து தந்தான். நன்றாக வந்திருக்கிறது அங்கிள் என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான். மூன்றேகால் மணித்தியாலம். அதில் முதல் முக்கால் மணித்தியாலம் செருப்பையும் மோதிரத்தையும் பூச்செண்டையும் காட்டுகிறான். பிறகு மண்டபத்துக்குள் புகை விடுகிறான். அந்தப் புகைக்குள்ளிருந்து நீயும் உன் மனைவியும் இருமிக்கொண்டு வருகிறீர்கள். இதற்கெல்லாம் எரிச்சல்பட இந்த வயதில் எனக்கு உரிமை உண்டு, ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. இரண்டு மணித்தியாலம் தாண்டியதும் நீ மைக்கை எடுக்கிறாய். எங்கள் அப்பா செஸ் விளையாடிப் பொலிசில் மாட்டிய கதை என்று தொடங்குகிறாய். அந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. முழுவதும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

நீ சொன்னது நல்ல கதைதான். யுத்த காலத்தில் அப்பா செஸ் கோப்புகளை டிவிடி இறுவட்டுகளில் பதிந்து பிஸ்கட் ரின்களுக்குள் சேர்த்து வைத்திருந்தார். உதவிக்கு இருந்த செல்வம் அண்ணை தோட்டத்துத் தமிழில் செஸ் ராணியை மந்திரி என்று எழுதி வைத்தார். ரின் மூடியில் 'மந்திரி செத்த பிறகு' என்று இருந்ததைக் கண்ட பொலிஸ்காரர், சிங்களத்தில் மந்திரி என்றால் எம்.பி. அல்லவா, எந்த எம்.பி.யைச் சாகடிக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். செல்வம் அண்ணையை இரண்டு நாள் கூட்டிப்போய் வைத்துச் செஸ் பழகிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நீ அதோடு விடவில்லை. "செல்வம் அண்ணை, ஒருக்கா எழும்பி நில்லுங்கோ" என்றாய். கமெரா கடைசி வரிசை மேசைக்குப் போகிறது. செல்வம் எழும்பி நிற்கிறார். வலது கையில் சோறு ஒட்டியிருக்கிறது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் கும்பிடுவது போல ஏதோ செய்கிறார். பிறகு கமெரா என்னிடம் வருகிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், மேல்வரிசைப் பல் முழுவதும் தெரிய. எனக்குப் பக்கத்தில் இருக்கும் உன் அம்மா சிரிக்கவில்லை. உன் மனைவியும் சிரிக்கவில்லை; தன் அப்பா சிரிக்கிறாரா என்று பார்க்கிறாள். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆயுள் முழுவதும் படிப்பித்த மனிதர் அவர். தண்ணீர்க் கிளாசை எடுத்துக் குடிக்கிறார்.

அந்தக் கதையை உனக்குச் சொல்லித் தந்தவன் நான். பொலிஸ் வந்த அன்று நீ டியூசனுக்குப் போயிருந்தாய், உனக்குப் பதின்மூன்று வயது. திரும்பி வந்து என்ன நடந்தது என்று கேட்டாய், நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதில் பாதி பொய், மீதிப் பாதியை நான் விழுங்கிவிட்டேன். விழுங்கியது இத்தனை வருடமாகச் சமிக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் மனைவியும் வாசிக்கட்டும். வேறு யாருக்குக் காட்ட விரும்பினாலும் காட்டு.

அவளுக்கு விளங்குவதற்காகக் கோப்புகள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செஸ் பலகையில் காய்கள் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு ஐந்தோ ஆறோ மட்டும் மிஞ்சும்போது, அவை நிற்கக்கூடிய ஒவ்வொரு நிலையையும் கணினி முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணி வைத்திருக்கிறது. இந்த நிலை வெற்றி, இது தோல்வி, இது சமன். வெற்றி என்றால் இத்தனை நகர்த்தலில். அவ்வளவுதான். அபிப்பிராயம் கிடையாது, ஊகம் கிடையாது. ஐந்து காய் வரைக்கும் உள்ளதெல்லாம் இரண்டு இறுவட்டில் அடங்கிவிடும். ஆறு காய்க்குப் போனால் ஆயிரத்து இருநூறு கிகாபைட். அந்த நாளில் நம் வீட்டுக் கணினியின் வயிறு எண்பது. வெளிநாட்டில் சில கிறுக்கர்கள் அவற்றைத் துண்டு துண்டாக இணையத்தில் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. ஏன் என்று கேட்டால் நான் வழக்கமாகச் சொல்லும் பதில் அழகானது: காலையில் ரேடியோவைத் திருகினால் ஒரு பக்கத்துப் பொய், வேறு அலைவரிசையில் மற்றப் பக்கத்துப் பொய், செத்தவர்களின் எண்ணிக்கை ஆளுக்கொன்று, பொய் சொல்லாத ஒரு பொருளாவது வீட்டுக்குள் இருக்கட்டும் என்று சேர்த்தேன் என்பேன். அலுவலகத்தில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். அதுவும் முழு உண்மை இல்லை.

உண்மையில் எனக்கு ஒரேயொரு நிலைக்குத்தான் விடை வேண்டியிருந்தது. எண்பத்து மூன்றில், நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, அலுவலகத்தில் என்னோடு படவரைஞராக இருந்த பண்டார என்ற சிங்களவரும் நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செஸ் ஆடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடியாமல் நின்றது. இரண்டு பக்கமும் ராஜா, ராணி, ஒரு சிப்பாய். நிலையைத் துண்டில் குறித்துக்கொண்டோம். அடுத்த கிழமை தமிழரை அடித்த கலவரம் கண்டிக்கும் வந்தது. பண்டார என்னையும் உன் அம்மாவையும் தன் வீட்டுச் சாமான் அறைக்குள் நான்கு நாள் வைத்திருந்தார். வாசலுக்கு வந்து கேட்டவர்களிடம், உள்ளே இருப்பது மனைவியின் ஆட்கள் என்று பொய் சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார். எல்லாம் அடங்கி வேலைக்குப் போனதும், அந்த ஆட்டம் சமன் என்று வைத்துக்கொள்வோமா என்று கேட்டார். நான் சரி என்றேன். ஆனால் மனதுக்குள், வெல்ல வேண்டிய ஆட்டத்தை இந்த மனிதனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி வைத்துக்கொண்டேன். உயிரைக் காத்தவனுக்கு நான் செய்த உபகாரமாம் அது. இருபத்து நான்கு வருடம் அந்த அற்ப நினைப்பைப் பொத்திப் பாதுகாத்தேன். பண்டார செத்த பிறகும் விடவில்லை. அந்த ஆறு காய் நிலையைத் திறந்து பார்க்கத்தான் இத்தனை பெரிய கோப்புகள்.

செல்வம் அப்போது கண்டி நகரத்தில் கணினி வகுப்பு நடத்திய ஒரு தனியார் நிலையத்தில் வேலை. நம் கணினியைத் திருத்த வந்து, பலகையைக் கண்டுவிட்டு, "சார் ஆடுவீங்களா" என்று கேட்டார். ஆடினோம். என்னை வென்றார். தெல்தெனியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை அறையில் பிறந்து, தகப்பனிடம் செஸ் பழகினவர். யானை, மந்திரி, சிப்பாய் என்றுதான் காய்களைச் சொல்லுவார். யாழ்ப்பாணத்தவர்களான நமக்குக் கோட்டை, ராணி. மந்திரி என்று அவர் சொல்லும்போதெல்லாம் திருத்துவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ராஜாவோட பொண்டாட்டி எதுக்கு சார் சண்டைக்கு வரணும்? மந்திரின்னா ஒரு ஞாயம் இருக்கு" என்றார். உன் பெரியப்பா வந்தபோது இதைச் சொல்லிக்காட்டினேன், தோட்டத்துத் தமிழைக் கேட்டீர்களா என்று. இருவரும் சிரித்தோம். அந்த நாளில் அவரைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்பேன். நேரே கண்டால் 'நீர்'. பண்பு தெரிந்த ஆள் அல்லவா நான்.

வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி அனுமதித்ததால், நிலையத்து இணைப்பில் செல்வம் கோப்புகளை இறக்குவார். முக்கால்வாசி வந்ததும் மின்சாரம் போகும், மறுபடி முதலிலிருந்து. இறக்கியதை இறுவட்டில் பதிந்து, மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். கண்டியில் இறுவட்டை வெளியே வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் பெரிய பிஸ்கட் ரின்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வறுத்த அரிசி முடிச்சு ஒன்று. அரிசி உன் அம்மாவின் யோசனை. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றாகப் போட்டு, கோப்பு பழுதாகவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் முழுக்கோப்பும் குப்பை. அதற்கு ஒரு பகல் போகும். கோப்புகளின் சொந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளின் குவியல்: கே, கியூ, பி, மறுபடி கே, கியூ, பி. செல்வம் முதலில் அதையே இறுவட்டின் மேல் எழுதிக்கொண்டு வந்தார். நான்தான் தடுத்தேன். பாலத்தடிச் சாவடியில் பையைச் சோதித்தால் இதை இரகசியக் குறியீடு என்பான்கள், தமிழில் எவனுக்கும் விளங்கும்படி எழுதும் என்று சொன்னேன். அவர் எழுதினார். ராணி இருக்கும் ஆட்டங்கள் ஒரு ரின்னில், மூடியில் 'மந்திரி உயிரோடு'. ராணி வெட்டுப்பட்ட ஆட்டங்கள் மற்ற ரின்னில், 'மந்திரி செத்த பிறகு'. தமிழில் எழுதச் சொன்னவன் நான் என்பதை நீ மேடையில் சொல்லவில்லை, ஏனென்றால் நான் உனக்கு அதைச் சொல்லவேயில்லை.

என் நிலைக்கான கோப்பு பல துண்டுகளாக, நாலு மாதத்தில் வந்து முடிந்தது. செல்வம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். காய்களை வைத்துக் கேட்டேன். சமன் என்று வந்தது. நான் எந்த நகர்த்தலைச் செய்தாலும் சமன். பண்டார கேட்டது சரி. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இருவத்துநாலு வருசம் ஜெயிச்சுக்கிட்டு இருந்தீங்கல்ல சார், போதும்" என்றார் செல்வம். நல்ல பகிடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்துப் பொடியன் எனக்குச் சொல்லவந்துவிட்டான் என்றுதான் பட்டது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருக்கும். கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. கண்டியில் தமிழ் வீடுகளைச் சோதித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நம் வீட்டுக்கு ஆறு பேர் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர், சப்பாத்தைக் கழற்றவில்லையே தவிர. தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் அலுமாரிக்கு மேலிருந்து ரின்னை இறக்கி மூடியை உரத்து வாசித்தார். மந்திரி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை; மற்ற இரண்டு சொல்லையும் அவர் சிங்களத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் ரின்னைத் தன் கைக்கு வாங்கினார். உள்ளே இறுவட்டுகளில் 'சிப்பாய் இரண்டு', 'சிப்பாய் மூன்று' என்று இருந்தது. உன் கதை இந்த இடம் வரைக்கும் சரி. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது பகிடி இல்லை. நான் பலகையை எடுத்துக் காட்டினேன். கணினியைப் போட்டுக் காட்டினேன். இன்ஸ்பெக்டருக்கு விளங்கிவிட்டது, மகன். அவர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் தானும் ஆடியதாகச் சொன்னார். பொருட்களைக் கொண்டுபோக வேண்டியிருக்கும், புத்தகத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும், இது யாருடைய எழுத்து என்று கேட்டார்.

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் அரசாங்க அடையாள அட்டை இருந்தது. திணைக்களப் பெரியவர் ஒரு போன் எடுத்தால் பின்னேரம் வீட்டுக்கு வந்திருப்பேன், அதிகம் போனால் மறுநாள். யாருடைய எழுத்து என்று தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எவனும் என்னை அடிக்கவில்லை. என் வீட்டுக் கதிரையில், என் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, நல்ல சிங்களத்தில் விளக்கம் கொடுத்தேன். ஐயா, இது என் எழுத்தாக இருக்க முடியாது. நான் யாழ்ப்பாணத்தவன். நாங்கள் இந்தக் காயை ராணி என்றுதான் சொல்வோம். மந்திரி என்று எழுதுகிறவர்கள் தோட்டத்து ஆட்கள். இதை எழுதியவன் இன்ன இடத்தில் வேலை செய்கிறான். அந்த நாட்களில் யாழ்ப்பாணம் என்ற சொல்லை பஸ்ஸில் வாய்க்கு வெளியே விடாதவன் நான். அன்று அதைச் சான்றிதழ் போல நீட்டினேன். இன்னும் கேள். மின்சாரப் பில்லை எடுத்து, அதன் பின்பக்கத்தில் 'ராணி' என்று எழுதி, இது என் எழுத்து, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கொடுத்தேன். கேட்காமலே கீழே கையெழுத்தும் வைத்தேன். அவர்கள் போனதும் உன் அம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றார். "எழுதேக்க கை நடுங்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். நான் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்று மத்தியானம் வகுப்புக்குள் வைத்து, மாணவர்களுக்கு முன்னால் செல்வத்தைக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் அல்ல, மகன். பத்து மாதம். முதலில் கண்டி, பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாத இரண்டு மாதம், பிறகு தெற்கில் ஒரு முகாம். வழக்கு இல்லை, குற்றப்பத்திரம் இல்லை. அவருடைய மனைவி கைக்குழந்தையோடு ஒவ்வொரு அலுவலகமாக நின்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் அம்மா பையோடு பஸ் ஏறுவாரே, கோயிலுக்கு என்று உன்னிடம் சொன்னாரே, அது அந்த வீட்டுக்கு. நான் ஒரு நாளும் போகவில்லை. நான் அலுவலகத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் முறை சொன்னபோது குரல் தடுமாறியது. மந்திரி-எம்.பி. இடத்தில் எல்லோரும் சிரித்ததும் தைரியம் வந்தது. சொல்லச் சொல்லக் கதை பளபளத்தது. யாருடைய எழுத்து என்ற கேள்வி முதலில் உதிர்ந்தது. மின்சாரப் பில் உதிர்ந்தது. பத்து மாதம் பத்து நாளாகி, பிறகு இரண்டு நாளானது. அந்த எச்சிலைத்தான் நீ மேடையில் பரிமாறினாய்.

விட்டதும் அவர் நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார், தோளில் ஒரு உரப்பையோடு. மெலிந்து, இடது காதுப் பக்கம் கொஞ்சம் மந்தமாகி. பையைக் கீழே வைத்து, "எல்லாம் இருக்கான்னு பாருங்க சார்" என்றார். பொலிசில் திருப்பிக் கொடுத்த இறுவட்டுகள். சில உடைந்திருந்தன. அந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி, மகன், கோப்புகள் திரும்பி வந்த நிம்மதி. உனக்கு அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்த்தோம், பழையபடி.

நிலையம் அவரை மறுபடி எடுக்கவில்லை. திகனவில் ஒரு முஸ்லிம் மனிதரின் கட்டடத்தில் சின்ன அறை எடுத்து, போன் திருத்தும் கடை போட்டார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. இறுவட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினோம். டிஸ்க் பெருக்கப் பெருக்க ஆறு காய் முழுவதும் சேர்ந்தது. பிரதியொன்று அவருடைய கடையில். ஒவ்வொரு முறையும் ஒரு ஆட்டம் ஆடுவோம். இன்று சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சில வருடத்துக்கு முன் திகனவில் முஸ்லிம் கடைகளை எரித்தார்களே, அப்போது அவருடைய கடையும் பாதி போனது. ஊரடங்கு நீக்கிய அன்றே போனேன். இன்று கட்டாயம் சொல்வது என்று பஸ்ஸில் சொற்களை அடுக்கிக்கொண்டுதான் போனேன். கரியைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது, "அந்த டிஸ்க்?" என்ற கேள்வி. மேசைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தார். புகை வந்ததும் முதலில் கஸ்டமர் சாமான்களைத்தான் வெளியே எடுத்ததாகச் சொன்னார். நான் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது உன் கல்யாண வீடியோவுக்கு வருகிறேன். வீடியோ பார்த்த மறுநாள் திகனவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, பக்கத்துக் கடைக்காரர்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள், தெரு ஓய்ந்திருந்தது. செல்வம் ஒரு போனைத் திறந்து வைத்து, சிறு இடுக்கியால் ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தார். வாங்க சார் என்று கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: இன்ஸ்பெக்டர் கேட்டதை, நான் சொன்னதை, பில்லின் பின்பக்கத்தை. அவர் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் சார்" என்றார். "மொத நாளே சொல்லிட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்த துண்டையும் காட்டினாங்க. ராணின்னு."

நான் கேட்டேன்: "பிறகு ஏன் இவ்வளவு காலமும் வந்து கொண்டிருந்தனீர்?"

"நீங்க என்னைக்கு வாயத் தொறப்பீங்கன்னு பாக்கத்தான்." பொறுக்கிய துணுக்கை ஒரு மூடிக்குள் போட்டார். "சொல்லிட்டீங்க. இனிமே நான் வர மாட்டேன் சார். பாத்துப் போங்க, மழை வரும் போல இருக்கு."

அவ்வளவுதான். திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. நான் பஸ் ஏறி வந்தேன்.

ஏழு காய்க் கோப்புகள் முழுவதையும் பெரிய டிஸ்க்குகளில் போட்டு என் எழுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்புவதாக, நீங்கள் வெளிநாட்டுக்குத் திரும்பிய அன்று விமான நிலையத்தில் சொன்னாய். அனுப்பாதே. இனி நான் அவற்றைத் திறக்கப்போவதில்லை. இருப்பதை எல்லாம் செல்வத்தின் கடைக்கே அனுப்பலாம் என்று நினைத்தேன். உன் அம்மா, உங்கட குப்பையை ஏன் அந்த மனிசன்ர தலையில கட்டுறியள் என்றார். சரிதான்.

இதை வாசித்ததும் நீ அவருக்குப் போன் எடுப்பாய், உன்னை எனக்குத் தெரியும். எடு. உன் சிரிப்புக்கு நீ மன்னிப்புக் கேள். எனக்காகக் கேட்காதே. அப்பா அந்த நேரம் பயந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிடாதே. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அது காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கை கழுவுவதற்கு நல்ல வசனம். பயம் இருந்தது. ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்ல வைத்தது பயம் இல்லை. செல்வத்திடம்கூட இதை நான் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நாங்கள் ராணி என்போம், மந்திரி என்பது தோட்டத்து ஆட்கள் என்று சொன்னேனே, அந்தக் கணத்தில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னாலாவது என் தமிழ் உசத்தி என்று நிரூபிக்க இடம் கிடைத்த சந்தோசம். அது முகத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. போன வியாழக்கிழமை பார்த்தேன். வீடியோவில், நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு 'தோட்டத்துத் தமிழில்' என்று சொல்கிற இடத்தில், உன் முகத்தில் இருக்கிறது. உன் மனைவி அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் அப்பாவின் பக்கம் திரும்புகிறாள்.

அப்பா